கடலுக்குக் கரம் தீர்க்காதவன்

உன் படிப்புக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்து உன் ஊர் கோபுரம் கட்டிக்கொண்டது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் ஊரில் இதை யாரும் மறுப்பதில்லை. மறுக்க வேண்டிய காரியம் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

இன்று காலை தக்கலையில் பஸ் ஏறினேன். என் காலடியில் ஒரு சாக்குக் கிடந்தது. பஸ் புறப்பட்டு வெயில் உள்ளே விழுந்ததும் சாக்கிலிருந்து அந்த நாற்றம் கிளம்பியது. உப்பும் மூத்திரமும் கலந்தது போன்ற நாற்றம். முன் சீட்டில் இருந்த வக்கீல் குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னவே இது? பஸ்ஸா, சந்தையா?" என்று சத்தம் போட்டார். சாக்குக்காரர் அசையவில்லை. "சுறாவுக்க துவியாக்கும். கப்பலேறிப் போவப்பட்ட சாதனம். இது நாறும். இதுக்க காசு நாறாது" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் நாகர்கோவில் போக வேண்டியவன், ஆனால் வில்லுக்குறியிலேயே இறங்கிவிட்டேன். சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, இதை எழுதலாம் என்று தீர்மானித்தேன்.

சுறாவின் செட்டையைத்தான் உங்கள் கடப்புறத்தில் துவி என்பார்கள். யார் வலையில் சுறா விழுந்தாலும் சதை பிடித்தவனுக்கு, துவி மாதா கோயிலுக்கு. வருஷம் முழுவதும் விழப்போகும் துவியை எடுக்கும் உரிமையைத் திருவிழா முடிந்ததும் ஏலம் விடுவார்கள். குளச்சல் முதலாளி ஒருவர் குத்தகை எடுத்து மொத்தப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடுவார். நாம் பி.ஏ. தேறிய வருஷம் அந்த ஏலத்தைப் பார்க்க நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். தென்னைகளுக்கு அடியில் ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். உங்கள் ஊர்த் தலைவர், கடலோடு பேசிப் பேசி உரத்துப்போன குரல் உள்ளவர், எழுந்து சொன்னார்:

"இந்தத் துவிப் பணம் நம்ம பயலுக்குப் பட்டணத்தில எம்.ஏ. படிக்கதுக்கு. நம்ம கூட்டத்தில ஒருத்தன் வேணும் கேட்டியளா. திருவனந்தபுரத்தில சர்க்கார் ஆபீசுக்குப் போனா வாசல்ல நிக்கப்படாது. உள்ள போயி கசேரியில இருந்து பேசணும்."

பின்னாலிருந்து ஒரு கிழவி, "கசேரியில இருப்பானா? வீட்டில ஓலைப்பாயில இருக்கதுக்கே அவனுக்கு நாணமாக்கும்" என்றாள். ஊரே சிரித்தது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் அம்மை மட்டும் சிரிக்கவில்லை. ஏலம் முடிந்து போகிற ஒவ்வொருவரையும் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உன் படிப்புக்கு யார் யார் கை உயர்த்தினார்கள் என்று நினைவில் வைத்துக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன்.

என் கதை உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பி.ஏ.வோடு பணம் தீர்ந்துவிட்டது. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயலும் தோப்பும் உள்ள ஒருவர், தம் மகளைக் கட்டிக்கொள்வதாக இருந்தால் எம்.ஏ. படிக்க வைக்கிறேன் என்றார். பெண்ணை நான் பார்த்திருக்கவில்லை. அவள் படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நிச்சயதாம்பூலம் முடிந்த மறுநாள் கல்லூரிக் கட்டணம் மணியார்டரில் போயிற்று. நாஞ்சில் நாட்டில் பாதிப் பட்டதாரிகள் இப்படித்தான் உண்டாகிறார்கள். சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான். பட்டணத்துக்குப் போகிற ரயிலில் நான் இதைச் சொன்னபோது நீ சொன்னாய்:

"எனக்குச் சுறாவுக்க செட்டை. உனக்கு ஒரு பெண்ணுக்க கழுத்து. ரெண்டும் அறுத்து எடுத்ததுதாம் மக்கா."

திருவல்லிக்கேணியில் ஒரு மாடியறை. ஒரு ஜன்னல், அதற்கு நேரே எதிர்வீட்டுச் சுவர். அந்த முதல் வருஷத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. நன்றாக இருந்த நாட்கள் ஒன்று போலவே இருக்கின்றன. காலையில் குளித்து, ஓட்டலில் இட்லி தின்று, கல்லூரிக்கு நடந்தோம். கடற்கரைச் சாலைக்கு வந்ததும் நீ ஒருமுறை நின்று கடலைப் பார்ப்பாய். "இந்தக் கடலுக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம கடல் மாதிரி கோவம் கிடையாது" என்பாய். கணக்கில் நீ என்னைவிட வெகு தூரம் போய்விட்டாய். நான் மனப்பாடம் செய்ததை நீ சும்மா பார்த்துப் புரிந்துகொண்டாய். வகுப்பில் நம் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள்கூட வீட்டுக்கணக்குக்கு உன்னிடம்தான் வந்தார்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். இதற்கு நடுவில் பக்கத்து ஊரில் கோயில் கோபுரத்தை உயர்த்திக் கட்டிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு உங்கள் ஊரில் கூட்டம். நீ வரச்சொல்லித்தான் நானும் வந்தேன். பங்குச் சாமியார் கோயில் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் பேசினார். கடலில் வெகுதூரம் போய்விட்டால் கரையில் உள்ள உயரமான அடையாளங்களைப் பார்த்துத்தான் மீன் கிடக்கும் இடத்தையும் திரும்பும் வழியையும் கணிப்பார்கள். இப்போது பக்கத்து ஊர்க் கோபுரம்தான் முதலில் கண்ணுக்குப் படுகிறதாம்.

"நம்ம பிள்ளையள் அவனுக்க கோயிலப் பாத்து வழி தேடணுமா? அதுக்கு நாம கட்டுமரத்த ஏத்தி அவனுக்க கரையிலயே அடுக்கிப் போடலாமே. இந்த வருஷத் துவிப் பணம் கோபுரத்துக்கு" என்றார்.

நீ எழுந்தாய். "மாமா, எனக்கு இனி ஒரே ஒரு வருஷம். முடிச்சு வந்தா..."

அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. உன்னோடு சின்ன வயதில் மணலில் புரண்டவன்.

"ஏலே, உனக்க எம்.ஏ. எவ்வளவு உசரம் வரும்லே? கடல்ல இருந்து பாத்தாத் தெரியுமா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நீயும் சிரித்தாய். அதை என்னால் மறக்க முடியவில்லை. உன்னைத் தள்ளிவிட்ட சிரிப்பில் நீயே சேர்ந்துகொண்டாய், ஏனென்றால் அது உன் ஊர்ச் சிரிப்பு. சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு வருஷம் பொறு. கோபுரம் முடியட்டும். படிப்பு எங்கேயும் ஓடிப் போகாது" என்றார். நான் எழுந்து, அது ஓடித்தான் போகும், ஒரு வருஷம் விட்டால் மறுபடி முதலிலிருந்து சேரவேண்டும், கட்டிய காசும் போய்விடும் என்று சொன்னேன். யாரோ, "அந்த வேளாளப் பயலுக்கு நம்ம கூட்டத்தில என்ன பேச்சு?" என்றார்கள். அதோடு முடிந்தது.

அவர்கள் கெட்டவர்கள் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. எழுத முடியவில்லை. அவர்கள் சொன்ன காரணம் பொய் இல்லை, கடலில் வழி தெரியவேண்டும்தான். ஆனால் பழைய கோபுரத்தைப் பார்த்து அவர்களுடைய அப்பன்மார் வழி தவறவில்லை. ஓர் ஆள் உயரம் அதிகமானதில் எவனுக்கும் கூடுதலாக மீன் விழவும் இல்லை. அந்த ஓர் ஆள் உயரத்துக்கு ஓர் ஆளைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது.

பிறகு நீயும் நானும் அலைந்தோம். பிஷப் தங்கும் மெத்ராணியார் மனையில், குருப்பட்டத்துக்குப் படித்தால் முழுச் செலவும் உண்டு என்றார்கள். வேறொரு சபைக்காரர், எங்கள் கோயிலுக்கு வந்துவிடு, மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நீ வெளியே வந்து, "நான் மாறலாம். அம்மை செத்தா எந்தக் கல்லறையில வைப்பேன்?" என்று கேட்டாய். கடைசியில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆபீசில் நல்ல செய்தி கிடைத்தது. மேல்படிப்புக்கு சர்க்கார் கடன் தருகிறது. ஜாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. கரம் தீர்க்கிற, அதாவது நிலவரி கட்டுகிற நிலம் உள்ள ஒருவர் ஜாமீன் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆபீஸ் படியிறங்கும்போது நீ சிரிக்க ஆரம்பித்தாய். நிறுத்த முடியாமல் சிரித்தாய். "நம்ம ஊரில எவனுக்கு மக்கா நிலம்? குடிசை நிக்கது புறம்போக்கில. உழுகது வெள்ளத்தில. கடலுக்கு எவன் கரம் தீத்தான்?"

கரம் தீர்க்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அதனால் உன்னைச் சுசீந்திரத்துக்கு அழைத்துப் போனேன். என் வருங்கால மாமனார் களத்தில் நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை உள்ளே வரச்சொன்னார். நீ களத்து ஓரத்திலேயே நின்றாய். உனக்குத் தேங்காய்ச் சிரட்டையில் மோர் வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். இவன் வகுப்பிலேயே கெட்டிக்காரன், கண்டிப்பாகத் தேறி வேலைக்குப் போய்க் கடனை அடைத்துவிடுவான் என்றேன். அவர் காலால் நெல்லைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"மாப்ளே, நான் ஒமக்குப் படி அளக்கேன். ஏன் அளக்கேன்? எம் மகளக் கட்டுவேரு. நாளைக்கு நீரு ஓடிப்போனாக்கூட ஒம்ம அப்பா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும். இவன் அப்பன் எங்க?"

"கடல்ல போயிட்டாரு" என்றாய் நீ, களத்து ஓரத்திலிருந்து.

"அதத்தான் நானும் சொல்லுகேன். கடல்ல போறவனுக்குக் கரையில நிக்கவன் ஜாமீனா? நல்ல கதையா இருக்கு வே."

நீ மோரைக் குடித்து முடித்தாய். சிரட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாய். வேலைக்காரி வந்து, அதைத் தூரப் போடச்சொல்லிக் கைகாட்டினாள்.

இவ்வளவுக்குப் பிறகும் நீ பட்டணத்துக்கு வந்தாய். கட்டணம் கட்ட வழியில்லாமல், ரயில் கூலி மட்டும் வைத்துக்கொண்டு வந்தாய். அறையில் தங்கு என்றேன், தங்கினாய். சாப்பாட்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றதும் கோபம் வந்துவிட்டது உனக்கு. "உனக்க மாமன் எனக்கு ஜாமீன் நிக்கல்ல. அவருக்க சோறு மட்டும் எனக்கு என்னத்துக்கு?" என்றாய். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

விடிவதற்குள் எழுந்து போய்விடுவாய். எங்கே என்று நீ சொல்லவில்லை. ஒருநாள் பின்னாலேயே வந்தேன். கல்லூரிக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப்புறம் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு நீயும் கயிற்றைப் பிடித்திருந்தாய். பட்டணத்துக் குப்பத்து ஆட்கள் உன்னைக் கேலி செய்துகொண்டே இழுத்தார்கள்.

"இன்னா நைனா, காலேஜுப் புள்ள கையாட்டமா கீது இது? கயித்தப் புடிச்சா வுடமாட்டேன்றியே!"

"கை பழசு. படிப்புதாம் புதுசு" என்றாய். உன் பேச்சைக் கேட்டு, "மலையாளத்தான்டா" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். வலை கரைக்கு வந்ததும் உனக்கும் ஒரு கை மீன் ஒதுக்கினார்கள். யார் பிள்ளை என்று கேட்கவில்லை. நிலம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அதை அங்கேயே ஒரு பெண்ணிடம் விற்றுவிட்டு, குழாயில் கைகால் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து வகுப்புக்கு வந்தாய். எம்.ஏ. இரண்டாம் வருஷத்தில் உன்னைப் படிக்க வைத்தது அந்த ஒரு கை மீன்தான். வயிற்றுக்கு ஆயிற்று. கட்டணத்துக்கு எப்படி ஆகும்?

சில வாரங்களில் பதிவேட்டிலிருந்து உன் பெயரை அடித்துவிட்டார்கள். அன்று காலை பேராசிரியர் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். உனக்கு முந்தியவன் பதில் சொன்னான். உடனே உனக்குப் பிந்தியவன் பதில் சொன்னான். நீ நடுவில் உட்கார்ந்திருந்தாய். பேராசிரியர் உன்னைப் பார்த்தார். எழுந்து போகச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. மறுநாளும் நீ வந்தாய். உன் பக்கத்தில் இருந்தவன் மீன் நாறுகிறது என்று வேறு பெஞ்சுக்கு மாறிப் போனான். மழைக்காலத்தில் ஒருநாள், கரும்பலகையில் ஒரு கணக்கு யாருக்கும் வராமல் நின்றது. பேராசிரியர் எல்லோரையும் கேட்டுவிட்டு, கடைசியில் பேர் சொல்லாமல் உன் பக்கம் சாக்கட்டியை நீட்டினார். நீ எழுந்து போய் முடித்துவிட்டு வந்தாய். "சரி" என்றார். அந்த வருஷம் கல்லூரி உனக்குக் கொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

பரீட்சைக்கு விடமாட்டார்கள் என்று தெரிந்தும் எதற்கு இப்படி வருகிறாய் என்று நான் ஒருநாள் கத்தினேன். நீ பாயில் படுத்துக்கொண்டு சொன்னாய்: "காசு வந்தா அடுத்த வருஷம் பரீட்சை மட்டும் எழுதினாப் போதும்லா. பாடத்தை இப்பமே வாங்கி வச்சுக்கிடுதேன்." எங்கிருந்து காசு வரும் என்று நான் கேட்கவில்லை. கோபுரம் முடிந்துவிட்டால் துவிப் பணம் உனக்குத்தான் என்று நீ உண்மையாகவே நம்பினாய்.

மாசி மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கடல் குளிர் என்றாய். பிறகு வயிற்று வலி. தர்மாஸ்பத்திரியில் வராந்தாவில்தான் இடம் கிடைத்தது. குப்பத்தில் இருந்து இரண்டு பேர் வந்து பார்த்துப் போனார்கள். கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை. வருவதற்கு அங்கே நீ மாணவனே இல்லையே. ஒரு காலையில் நான் கஞ்சி வாங்கிக்கொண்டு போனபோது உன் இடத்தில் வேறொருவன் படுத்திருந்தான். உன்னைப் பட்டணத்திலேயே அடக்கம் செய்தோம். குப்பத்துக்காரர்கள்தான் தூக்கினார்கள். பரீட்சையை நான் எழுதினேன். இரண்டாம் வகுப்பில் தேறினேன். கல்யாணம் நடந்தது. இப்போது தக்கலையில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் பட்டம் மாமனார் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. வாங்கியவர் அவர், அதனால் அங்கே தொங்குவதுதான் முறை.

உங்கள் கோபுரம் உயர்ந்தாயிற்று. வெள்ளை அடித்திருக்கிறார்கள். அடுத்த வருஷத் துவிப் பணத்தில் மணி வாங்கினார்கள். அதற்கு அடுத்த வருஷம் முன்மண்டபம். கடப்புறத்திலிருந்து வேறு எவனும் எம்.ஏ. படிக்கப் போகவில்லை. போகப் போவதாக எனக்குத் தோன்றவும் இல்லை.

பரீட்சை முடிந்த கையோடு உன் பெட்டியை உன் அம்மையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்திருந்தாள். பெட்டியைத் திறந்து உன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து மணலைத் தட்டிவிட்டு அடுக்கினாள். பிறகு கேட்டாள்.

"இது அவன் படிச்சது. படிச்சதுக்கு அவங்க குடுக்கது எங்க மக்கா?"

"பட்டமா? பரீட்சை எழுதினாத்தான் குடுப்பாங்க அம்மா."

"செரி, எழுதல்ல. பாதி குடுப்பாங்கல்லா?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உங்கள் கரையில் கட்டுமரத்தில் ஏறியவன் பாதிக் கடலில் நோய்ப்பட்டுத் திரும்பினாலும் அவன் பங்கு அவனுக்கு உண்டு. கடலிலேயே போய்விட்டாலும் அன்றைய பங்கு வீட்டுக்கு வரும். உன் அப்பா போன அன்றும் அவளுக்கு வந்தது. கை போட்டவனை வெறுங்கையாக அனுப்புகிற இடம் உலகத்தில் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டியவன் நானாகிவிட்டேன்.

"அப்படிப் பாதி கிடையாது அம்மா. முழுசா உண்டு, இல்லேன்னா ஒண்ணும் இல்ல."

"ஒரு வருஷம் காசு கெட்டிப் படிச்சான்லா. அதுக்குள்ளது?"

"இல்ல."

"பிறவு காசு கெட்டாமயும் போயி இருந்தானே. தெனமும் போனாம்னு நீதானே சொன்ன. அது ஒண்ணுக்கும் ஆவாதா?"

இரண்டு வருஷம் வகுப்பில் இருந்தான், அதற்காவது ஒரு சான்று தாருங்கள் என்று சர்வகலாசாலைக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். போன விடுமுறையில் ரயிலேறிப் போய் நேரிலேயே நின்றேன். குமாஸ்தா ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு பேரே எங்ககிட்ட இல்லையே சார்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

போன ஞாயிற்றுக்கிழமையும் உன் அம்மையைப் பார்க்கப் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை, போனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண் மங்கிவிட்டது அவளுக்கு. காலடிச் சத்தத்தில் என்னைத் தெரிந்துகொண்டாள். குடிக்கத் தண்ணீர் தந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் அவனுக்க கூடத்தானே இருந்த? உனக்குள்ளதக் குடுத்தாங்கல்லா? போயி அவனுக்க பங்கையும் கேட்டு வாங்கிட்டு வா, மக்கா."